அணியின் பெயர் தெரிகிறது, பாட்டு புரியவில்லை: என்ன செய்யலாம்?

கூடல்வாசி

என் மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். தற்குறிப்பேற்றம், தீவகம், நிரல்நிறை, தன்மை என்று எந்த அணிக்கு இலக்கணம் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். எடுத்துக்காட்டுப் பாட்டும் அடி பிசகாமல் வரும். நேற்று, "சரி, மதுரைக் கோட்டைக் கொடி கோவலனைப் பார்த்து ஏன் கை காட்டுகிறது?" என்று கேட்டேன். "ஏன்னா அது தற்குறிப்பேற்ற அணி, அப்பா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், கேள்வியே அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

கட்டுரை எழுதும்போதும் இதே கதைதான். நூலகத்தைப் பற்றி எழுதினாலும் சரி, தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி எழுதினாலும் சரி, 'கடல் போல் பரந்த' ஒன்று எங்கேயாவது வந்து உட்கார்ந்துகொள்கிறது. உவமையை வாசிக்கவும் எழுதவும் வீட்டில் எப்படிப் பழக்குவது? தமிழாசிரியர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

நூற்றுக்கு_நூறு

அண்ணே, கேள்வித்தாளில் கேட்பது அணியின் பெயர், இலக்கணம், சான்று, அணிப்பொருத்தம் (பாட்டில் அந்த அணி எப்படிப் பொருந்துகிறது என்பது). இவ்வளவுதான். பாப்பா இதையெல்லாம் சரியாகச் சொல்கிறாள் என்றால் மதிப்பெண் வந்துவிடும். கொடி ஏன் ஆடியது என்பதைப் பொதுத்தேர்வு முடிந்ததும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இப்போது போய்க் குழப்பாதீர்கள்.

கரும்பலகை

நூற்றுக்கு_நூறு தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னீர்களே 'அணிப்பொருத்தம்', அதுதான் வாசிப்பு. மற்றதெல்லாம் பெயர்ப்பலகை. ஆனால் பொருத்தத்தையும் கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். அதனால்தான் அது வாசிப்பாகப் பயன்படாமல் போய்விடுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன்.

கூடல்வாசி கேட்ட கொடியையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரம், புறஞ்சேரி இறுத்த காதை.

"போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
'வாரல்' என்பனபோல் மறித்துக்கை காட்ட"

கொடி ஆடுவது காற்றால். 'வராதே' என்று கை காட்டுவதாக அதன்மேல் ஏற்றிச் சொல்பவர் இளங்கோ. இதுவரை மகளுக்குத் தெரியும். அடுத்துக் கேட்க வேண்டியது, இப்படி ஏற்றிச் சொல்பவருக்கு என்ன தெரியும் என்பது. கோவலன் இந்த ஊரைவிட்டுத் திரும்பப் போவதில்லை என்று இளங்கோவுக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது. அவன் கண்ணில் படுவது வெறும் கொடி. கை காட்டுவது நம் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. சிலம்பை விற்றுப் பிழைக்கலாம் என்று வரும் ஆளை ஊர் எச்சரிக்கிறது, வருகிறவன் அதைக் கவனிக்காமல் நடக்கிறான். இதைப் பார்த்துவிட்டால் பயம் தானாக வரும், பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை.

இதோடு கம்பனையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மிதிலைக் காட்சிப் படலத்தின் முதல் பாட்டு. அங்கேயும் கோட்டைக் கொடி, அங்கேயும் காற்று. ஆனால் மிதிலை நகரம் "செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி" இராமனை "ஒல்லை வா" என்று அழைக்கிறது. நான் செய்த தவத்தால் திருமகளே தாமரையை விட்டு இங்கே வந்திருக்கிறாள், சீக்கிரம் வா என்கிறது. ஒரு கொடி வராதே என்கிறது, இன்னொன்று வா என்கிறது. தேர்வில் இரண்டுக்கும் விடை ஒன்றுதான், தற்குறிப்பேற்ற அணி. அந்த விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இரண்டு பாட்டும் எதிரெதிர் என்பது தெரியாமலே போகலாம்.

வரப்பு

கரும்பலகை ஐயா, இது நல்லா இருக்கே! ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தூரத்தில் போகிறவரைக் கூப்பிட உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து விரல்களை அசைப்போம். வேண்டாம் என்று சொல்லக் கையைத் திருப்பி ஆட்டுவோம். வயலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். கூப்பிட்டதாக நினைத்து வந்து திட்டு வாங்கியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. இளங்கோ 'மறித்து' என்று போட்டது சும்மா இல்லை போல.

சுங்கைக்காரி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் பாடத்திட்டத்தில் 'செய்யுளும் மொழியணியும்' என்றே ஒரு பகுதி உண்டு. உவமைத்தொடர், மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி எல்லாம் பட்டியலாக வரும். மாணவர்கள் பொருளோடு மனனம் செய்வார்கள். கட்டுரையில் இவை வந்தால் மொழிவளம் என்று எடுத்துக்கொள்வதால், பிள்ளைகள் எங்கே இடம் கிடைத்தாலும் ஒன்றைச் செருகிவிடுவார்கள்.

கடைவீதியில் தீப்பிடித்ததைப் பற்றி ஒரு மாணவன் எழுதியிருந்தான்: "தீயைக் கண்ட மக்கள் சூரியனைக் கண்ட பனி போல ஓடினர்." இலக்கணப் பிழை இல்லை. 'சூரியனைக் கண்ட பனி போல' என்பதற்கு அவன் மனனம் செய்த பொருள் 'மறைந்துபோதல்'. மக்களும் அந்த இடத்தை விட்டு மறைந்தார்கள்தானே என்று என்னிடமே வாதாடினான். "பனி எங்கே போனது?" என்று கேட்டேன். "காய்ந்துபோச்சு, டீச்சர்." "மக்கள்?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டான். மக்கள் காய்ந்துபோனால் அது வேறு செய்தி!

அதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்கிறேன். உவமைத்தொடரின் பொருளை முதலில் கொடுப்பதில்லை. அதில் உள்ள பொருளை மட்டும் கொடுத்து, அது என்னவெல்லாம் செய்யும் என்று எழுதச் சொல்வேன். பனி என்றால்: குளிரும், புல்லில் நிற்கும், வெயில் வந்தால் சத்தமில்லாமல் போகும், போன தடம் இருக்காது. இவ்வளவும் எழுதியபின் இது எதற்குப் பொருந்தும் என்று கேட்டால் கவலை, சோர்வு, சந்தேகம் என்று அவர்களே சொல்வார்கள். தீ விபத்தில் ஓடுகிற கூட்டத்தை ஒருவரும் சொல்வதில்லை.

சொந்தமாக எழுதச் சொன்னபோது தோட்டப்புறத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை எழுதியது: "மழை விட்ட பிறகும் ரப்பர் மரம் சொட்டிக்கொண்டிருப்பது போல, சண்டை முடிந்த பிறகும் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்." பட்டியலில் இல்லாத உவமை. அதை வெட்டவே கூடாது என்று சக ஆசிரியர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கரும்பலகை

சுங்கைக்காரி அம்மா, நீங்கள் செய்வது தொல்காப்பியர் சொன்னதுதான். உவமவியலின் முதல் நூற்பா: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." ஒன்றின் செயலை வைத்து ஒப்பிடலாம், அதனால் கிடைக்கும் பயனை வைத்து ஒப்பிடலாம், வடிவத்தை வைத்து ஒப்பிடலாம், நிறத்தை வைத்தும் ஒப்பிடலாம். எந்த உவமையைப் பார்த்தாலும் இந்த நான்கில் எது என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் மாணவன் பனியின் செயலைக் கொண்டுவந்து மக்களின் ஓட்டத்தோடு ஒட்டப் பார்த்தான், ஒட்டவில்லை.

பிற்காலத்தில் தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் பொருளணிகளை 35 என்று வகுத்தது. வகுத்தது தப்பில்லை. நாம் வகையை வைத்துக்கொண்டு கேள்வியைத் தொலைத்துவிட்டோம்.

மேசைத்துண்டு

ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலை. பிள்ளைகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். எங்கள் பிழைப்பே செத்த உவமைகளை எடுத்து மறுபடி நடக்கவிடுவதுதான். அனல் பறக்கும் பிரசாரம், விலை விண்ணைத் தொட்டது, காய் நகர்த்தினார், வாக்கு வங்கி. இதிலெல்லாம் அனலும் இல்லை விண்ணும் இல்லை, யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அதுவும் சரிதான், எல்லா வரியிலும் படம் தெரிந்தால் பேப்பர் படிக்க முடியாது.

சிக்கல் வருவது, செத்தது திடீரென்று கண் விழிக்கும்போது. ஒரு மழைக்காலத்தில் நிருபர் அனுப்பிய தலைப்பு: 'வெள்ள நிவாரணம் வாங்கத் திரண்ட மக்கள் வெள்ளம்'. எழுதினவருக்கு 'மக்கள் வெள்ளம்' என்றால் கூட்டம், வேறொன்றுமில்லை. முட்டளவுத் தண்ணீரில் நிற்கிறவர் படித்தால் எப்படி இருக்கும்? 'நீண்ட வரிசை' என்று மாற்றிவிட்டுத்தான் பக்கத்தை அனுப்பினேன். அதனால் எழுதுகிறவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். நாம் பழக்கதோஷத்தில் போடும் சொல்லுக்குப் பக்கத்தில் அதே சொல் நிஜமாகவே நின்றுகொண்டிருக்கிறதா?

அரைக்கிறுக்கன்

எல்லாரும் 'போல'வைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். உவமை என்பதே பழைய சரக்கு. இன்றைய கவிதை அதைத் தூக்கிப் போட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. ஒரு பொருளை அப்படியே காட்டினால் போதும், இன்னொன்றைக் கொண்டுவந்து ஏன் முட்டுக்கொடுக்க வேண்டும்?

கரும்பலகை

அரைக்கிறுக்கன் தம்பி, உவமையைத் தூக்கிப் போடுவது சங்கத்திலேயே நடந்திருக்கிறது. போல, அன்ன என்று எந்த உருபும் இல்லாமல் ஒரு பொருளை அப்படியே காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதற்கு உள்ளுறை என்று பெயர். இரண்டும் ஒரே பாட்டில் இருக்கும் இடம் ஒன்று சொல்கிறேன். குறுந்தொகை 18, கபிலர்.

"வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட! செவ்வியை ஆகுமதி;
யார்அஃ தறிந்திசி னோரே? சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது, காமமோ பெரிதே"

தோழி தலைவனிடம் சொல்கிறாள். சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாள். எல்லாரும் பாராட்டுவது பின்பாதி உவமையை: சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குவது போல, இவள் உயிரோ மிகச் சிறியது, ஆசையோ பெரியது. எந்த நேரமும் முறியலாம்.

முன்பாதியை வெறும் விளி என்று தாண்டிப் போய்விடுவோம். அங்கே நிற்பதும் பலாதான். ஆனால் அது வேர்ப்பலா, பழம் தரையோடு கிடக்கிறது. சுற்றி மூங்கில் வேலி. அவன் நாட்டுப் பழம் விழவும் விழாது, வேலி இருப்பதால் யாரும் எடுத்துப் போகவும் முடியாது. இவளுடையது நுனிக் கிளையில், காவல் இல்லாமல் தொங்குகிறது. உனக்கு அவசரம் இல்லை ஐயா, உன் பலா பத்திரமாக இருக்கிறது, இவள் நிலைமை அப்படி இல்லை என்று தோழி ஒரு சொல் கூடக் கடிந்து பேசாமல் குத்திக்காட்டிவிட்டாள். முன்பாதியில் 'போல' இருக்கிறதா? இல்லை. பொருளை அப்படியே காட்டியிருக்கிறாள், நீங்கள் கேட்ட மாதிரி.

அரைக்கிறுக்கன்

ஐயா, பாட்டு அருமை. ஆனால் இது அதிக வாசிப்பு இல்லையா? குறிஞ்சிப் பாட்டென்றால் 'இப்படிப்பட்ட மலை நாட!' என்று கூப்பிடுவது வழக்கம். பலா இருக்கும், தேன் இருக்கும், குரங்கு இருக்கும். மலை என்றால் பலா இருக்கத்தானே செய்யும்? கபிலர் சும்மா வைத்ததை நாம் தோண்டிக்கொண்டே போனால் எந்தப் பாட்டிலும் எதையும் எடுத்துவிடலாமே. இதற்கு வரம்பு என்ன?

வரப்பு

நான் பண்ருட்டிப் பக்கம். வீட்டில் பலா இருக்கிறது. இலக்கணம் எனக்குத் தெரியாது, மரத்தைச் சொல்கிறேன். அடிமரத்திலும் வேர்ப்பக்கமும் காய்த்தால் நமக்குக் கவலை இல்லை. மெல்லிய கிளையில் ஒன்று பிடித்துவிட்டால் கயிறு போட்டுத் தாங்கல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பிஞ்சிலேயே கழித்துவிட வேண்டும். நாளாக நாளாகக் கனம் ஏறிக்கொண்டே போகும், கிளை அந்த வேகத்துக்குத் தடிக்காது. அதனால் அந்தத் தோழி 'சீக்கிரம்' என்று சொல்கிறாளே, அந்த அவசரம் பழத்திலேயே இருக்கிறது. மரத்தைப் பார்த்தவர்தான் இதை எழுதியிருக்கிறார்.

கரும்பலகை

வரப்பு, இந்தக் கனம் ஏறும் சங்கதி எனக்கே தோன்றவில்லை. நன்றி.

அரைக்கிறுக்கன் கேட்ட வரம்புக்கு வருகிறேன். வழக்கமான விளி என்பது உண்மைதான். எல்லா மலை வருணனைக்குள்ளும் உள்ளுறை ஒளிந்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், சில இடங்களில் அது மலை வருணனை மட்டுமே. இங்கே நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தே அடி. அதில் பலா இரண்டு முறை வருகிறது, 'சாரல்' இரண்டு முறை வருகிறது, ஒரு முறை அவன் பக்கம், ஒரு முறை இவள் பக்கம். ஒன்று வேரில், ஒன்று கிளையில். ஒன்றுக்கு வேலி உண்டு, இன்னொன்றுக்குச் சொல்லப்படவில்லை. இவ்வளவு குறுகிய இடத்தில் கபிலர் இத்தனையையும் தற்செயலாக வைத்தார் என்று சொல்வதுதான் எனக்கு அதிகப்படியாகத் தோன்றுகிறது. வேலியின் மூங்கில் இன்னாரைக் குறிக்கிறது, வேர் இன்னாரைக் குறிக்கிறது என்று பட்டியல் போட ஆரம்பித்தால், அப்போது நீங்கள் என்னை நிறுத்தலாம்.

அரைக்கிறுக்கன்

இரண்டு சாரல் சரி. ஒத்துக்கொள்கிறேன். வேலியை மட்டும் இன்னும் யோசிக்க வேண்டும்.

நூற்றுக்கு_நூறு

ஐயா, தேர்வுக்கும் உதவுகிற மாதிரி ஒன்று கேட்கிறேன். பிறிதுமொழிதல் அணிக்கு எல்லாரும் சொல்லும் குறள், 475.

"பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்"

மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். இது எனக்கு வாட்சப்பில் வாரம் ஒரு தடவை வருகிறது, வேலைப்பளு, மன அழுத்தம் என்று ஏதோ படத்தோடு. அதுதான் பொருளா?

கரும்பலகை

அழகான பொருள்தான், ஆனால் வள்ளுவர் சொன்னது அது இல்லை. பிறிதுமொழிதலில் உவமானம் மட்டும்தான் வாசலில் நிற்கும், எதைப் பற்றிப் பேச்சு என்பது உள்ளே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கச் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். இந்தக் குறள் இருப்பது அரசியலில், வலியறிதல் அதிகாரத்தில். போருக்குப் போகுமுன் தன் பலத்தையும் மாற்றான் பலத்தையும் எடை போடுவது பற்றிய பேச்சு. அப்போது இறகு என்ன? ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடும் சின்னப் பகைவர்கள். இவனா நமக்கு எதிரி என்று வருகிறவனையெல்லாம் பகைத்துக்கொண்டே போகும் வலுவான அரசன்தான் வண்டி. அவர்கள் ஒன்றுசேர்ந்தால் அச்சு முறியும். பரிமேலழகர் சொல்வதும் இதுதான்.

அடுத்த குறளையும் பாருங்கள், நுனிக்கொம்பு ஏறியவன் அதற்கும் மேலே ஏற முயன்றால் உயிர் போகும். அதுவும் பிறிதுமொழிதல், அதுவும் அதே அதிகாரம். மரம் ஏறுவது எப்படி என்று வள்ளுவர் பாடம் நடத்தவில்லை.

வாட்சப் பொருளைத் தப்பென்று அடிக்க வேண்டாம். உவமை வீட்டை விட்டு வெளியே வந்து வேறு வேலை பார்க்கிறது, பார்க்கட்டும். 'திருவள்ளுவர் மன அழுத்தம் பற்றிச் சொன்னார்' என்று எழுதும்போதுதான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

கூடல்வாசி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கொடியையும் மகளிடம் காட்டினேன். பிடித்துப் போய்விட்டது. இன்னும் வேண்டும் என்று கேட்டதால் குறுந்தொகையைப் புரட்டி 305-ஐ எடுத்தோம், குப்பைக் கோழியார் பாட்டு. ஆசைத் தீ எலும்பு வரை வாட்டுகிறது, நாமாகப் போய் அவரைத் தழுவவும் முடியாது, அவரும் வந்து துயர் தீர்க்கவில்லை என்கிறாள் தலைவி. பிறகு:

"உய்த்தனர் விடாஅர் பிரித்திடை களையார்
குப்பைக் கோழித் தனிப்போர் போல
விளிவாங்கு விளியின் அல்லது
களைவோர் இலை யான் உற்ற நோயே"

இந்த உவமைக்காகவே புலவருக்கு அந்தப் பெயர் என்றதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. செம்புலப் பெயனீராரும் அணிலாடு முன்றிலாரும் அப்படித்தான் என்றேன். அப்புறம் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி: "சண்டை என்றால் இரண்டு கோழி வேண்டுமே. ஒன்று இவள் நோய். இன்னொரு கோழி யாருப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

வரப்பு

சேவற்கட்டு பார்த்தவர்களுக்கு முதல் அடி உடனே புரியும். களத்தில் சேவலைக் கொண்டுவந்து விட ஆள் இருக்கும். கொஞ்ச நேரம் மோதியதும் இடையில் பிரித்துத் தூக்கி, தண்ணீர் காட்டி, மூச்சு வாங்கவிட்டு மறுபடி விடுவார்கள். குப்பைமேட்டில் இரண்டு கோழி தானாகச் சண்டை பிடித்தால் விட்டவரும் கிடையாது, பிரிப்பவரும் கிடையாது. நாலு பேர் கண்ணில்கூடப் படாது. களைத்து விழுந்தால்தான் நிற்கும்.

சுங்கைக்காரி

இன்னொரு கோழி நாணம் என்று நினைக்கிறேன். போய்த் தழுவ முடியாது என்று அவளே சொல்கிறாளே? ஆசை ஒரு கோழி, நாணம் ஒரு கோழி, இரண்டும் அவளுக்குள்ளேயே மோதுகின்றன. வெளியில் யாருக்கும் தெரியாததால் பிரிக்கவும் ஆள் இல்லை. மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கரும்பலகை

அம்மா, நாணம் பொருந்துகிறது, ஆனால் பாட்டு அதைக் கோழியாக்கவில்லை என்பேன். 'போல' எதோடு ஒட்டுகிறது என்று பாருங்கள். 'விளிவாங்கு விளியின் அல்லது களைவோர் இலை', தானாக முடிந்தால் உண்டு, முடித்துவைக்க ஆள் இல்லை. வரப்பு சொன்ன அந்தச் செயல் மட்டும்தான் ஒப்பு. வினை உவமம். அதற்கு மேல் இது யார், அது யார் என்று ஒவ்வொரு இறகுக்கும் ஆள் தேடினால் உவமை கணக்குப் புத்தகம் ஆகிவிடும். மற்ற கோழியை விட்டுவிடலாம்.

சுங்கைக்காரி

ஐயா, பலாவுக்கு வேலி வரைக்கும் போனீர்கள். கோழிக்கு மட்டும் இரண்டாவது கோழி வேண்டாம் என்கிறீர்களே!

அரைக்கிறுக்கன்

அதைத்தான் நானும் கேட்க வந்தேன் :)

கரும்பலகை

நியாயமான கேள்விதான். பலாப் பாட்டில் வேலியைக் கபிலரே எழுதியிருக்கிறார், நான் எடுத்துக் காட்டினேன். இங்கே நாணம் என்ற சொல்லே இல்லை, போய்த் தழுவ முடியாது என்ற பொருளில் பாட்டின் முன்பகுதியில் வரும் 'அருங்காட்சியமே' என்பதிலிருந்து நாம் வருவித்துக்கொள்கிறோம். சொல்லிலிருந்து ஒரு எட்டு வைப்பதா, இரண்டு எட்டு வைப்பதா என்பதுதான் நமக்குள் சண்டை. நான் ஒரு எட்டோடு நிற்பவன். நீங்கள் இரண்டாவது எட்டு வைத்தால் தடுக்க மாட்டேன், காலுக்குக் கீழே சொல் இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

கூடல்வாசி, மகளிடம் இரண்டு விடையையும் சொல்லுங்கள். அவள் மூன்றாவது ஒன்று வைத்திருந்தால் இங்கே எழுதுங்கள்.

கூடல்வாசி

சொன்னேன் ஐயா. நாணம் வேண்டாமாம். "அவளும் அவரும்தான் இரண்டு கோழி. ஆனா அவர் சண்டைக்கே வரல. அதான் 'தனிப்போர்'னு போட்டிருக்கு" என்கிறாள். தனியாக ஒரு கோழி எப்படிச் சண்டை போடும் என்று கேட்டேன். "அதுதாம்ப்பா கஷ்டம்" என்றாள்.

சுங்கைக்காரி

காலுக்குக் கீழே சொல் இருக்கிறது, கரும்பலகை ஐயா. என்ன சொல்கிறீர்கள்?

கரும்பலகை

உரைகளில் 'தனிப்போர்' என்றால் ஏவுவார் இல்லாமல் தாமாகச் செய்யும் போர். பாப்பா சொல்வது அதற்கு ஒத்துவராது. ஆனால் தேர்வுத்தாளில் இப்படி ஒரு விடை வந்திருந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைத்திருக்க மாட்டேன். அடுத்து அவளுக்கு நற்றிணை 284 கொடுங்கள், இரண்டு யானை இழுக்கும் தேய்ந்த கயிறு வரும். அங்கே இரண்டு யானைக்கும் பாட்டிலேயே பெயர் இருக்கிறது, ஒன்று நெஞ்சு, ஒன்று அறிவு. கயிறு யார் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.